தர்ஷினிக்காகப் படிக்க வந்த தாமான்

உட்காருங்க, உட்காருங்க. அந்த ஃபேன கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க. மாணவர் சேர்க்கைய எப்படிக் கூட்டறது, சேர்ந்த பிள்ளைங்கள எப்படிக் கரையேத்தறதுன்னு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. ரிட்டயர் ஆனவ, கையில பதில் வச்சிருப்பான்னு நெனச்சிருப்பீங்க. முதல்லயே சொல்லிடறேன். சமூகக் கல்லூரியில, மாணவர் விவகாரப் பிரிவுல இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு இன்னும் ஒரு இழவும் முழுசா புரியல. புரியாததச் சொல்றதுக்கு நீங்க எனக்கு தே தாரிக் வாங்கிக் குடுத்திருக்கீங்க. சரி, குடிச்சிட்டேன், சொல்லித்தான் ஆகணும்.

அந்தத் திரையில ஒரு கோடு போட்டுக் காட்டினீங்களே, ஏறுது இறங்குதுன்னு. எங்களுக்கும் வருஷா வருஷம் காட்டினாங்க. இறங்கினா ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க, கூட்டம் போடுவாங்க, ஒருத்தர ஒருத்தர் மொறைப்பாங்க. ஏறினா மட்டும் ஏன் ஏறுச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கை தட்டிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. நான் சொல்லப்போறது ஏறினப்ப நடந்த கதை.

அந்த வருஷம் சேர்க்கை படுத்துப்போச்சு. எஸ்பிஎம் பரீட்சை முடிச்ச பிள்ளைங்க நேரா மோட்டார எடுத்துக்கிட்டு சாப்பாடு டெலிவரிக்குப் போயிட்டாங்க. போர்ட் கிள்ளான் கிடங்குங்கள்ல ஷிப்டுக்கு ஆள் எடுத்தாங்க. கொஞ்சம் பேர் சிங்கப்பூர். காலேஜுக்கு வந்து என்ன மிஸ் ஆகப்போகுதுன்னு என்கிட்டயே கேட்டாங்க. ரொம்ப மோசமா அடி வாங்கினது எங்க ஏர்கோன் வகுப்பு. குளிர்சாதனம் பொருத்தறது, பழுது பார்க்கறது. புது ஆளுங்க சேரலன்னா இந்த வகுப்ப தூக்கி வேற மாநிலத்துக் காலேஜோட சேர்த்துடுவோம்னு மேலிடத்துலேர்ந்து சொல்லிட்டாங்க.

ஏற்கனவே படிச்சிக்கிட்டிருந்தவங்கள்ல ஒரு பொண்ணு, தர்ஷினி. கிள்ளான்ல ஒரு பழைய தாமான்ல, அதாவது குடியிருப்புப் பேட்டையில, வரிசை வீடு. அம்மாவுக்குத் துறைமுகத்துக் கிடங்குல ஷிப்ட் வேலை. அப்பாவுக்கு சிறுநீரகம் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். காலையில அப்பாவ அவரோட பழைய காடியில, கார்ல, கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வகுப்புக்கு வருவா. மத்தியானம் ஓடிப்போய் திரும்பக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவா. அதனால வகுப்பு வேற ஊருக்குப் போனா இவ படிப்பு அதோட முடிஞ்சது. இது எனக்குத் தெரியும். அவ இருந்த தாமானுக்கும் தெரியும்.

ஆள் பிடிக்க நாங்க போகாத இடமில்ல. பிரிக்பீல்ட்ஸ்ல தீபாவளி நெரிசல்ல மேசை போட்டோம். கிள்ளான்ல ஒரு கோயில் மண்டபத்துல போட்டோம். வந்தவங்க எங்ககிட்ட இருந்த இலவசப் பேனாவ எடுத்துக்கிட்டு, கழிவறை எந்தப் பக்கம்னு கேட்டுட்டுப் போனாங்க. எனக்கு எரிச்சல். மைக்கப் பிடிச்சு, "ஆள் சேரலன்னா இந்த ஏர்கோன் வகுப்பு கிள்ளான்ல இருக்காது, அப்புறம் நம்ம பிள்ளைங்கதான் அல்லாடணும்"னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு ஒருத்தர் நின்னு கேட்டுக்கிட்டிருந்தார். பேரு மாணிக்கம், லோரி ஓட்டறவர்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

பதிவு நாள் அன்னிக்கு வந்து பார்க்கிறேன், வரிசை வாசல் வரைக்கும் நிக்குது! கண்ணக் கசக்கிட்டுப் பார்த்தேன். டைரக்டருக்கு வாயெல்லாம் பல்லு. படம் எடுங்க, படம் எடுங்கன்னு குதிக்கிறார். வரிசையில மல்லிப்பூ வச்ச அக்காங்க, லோரி கம்பெனி சட்டையோட அங்கிள்மார், நடுவுல சில இளசுங்க. எங்க காலேஜுக்கு வயசு வரம்பு கிடையாது. யார் வந்தாலும் சந்தோஷம்தான். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ குறுகுறுன்னுச்சு.

பாசார்ல காய்கறிக்கடை வச்சிருக்கிற சரோஜா அக்காகிட்ட மெதுவாக் கேட்டேன். "அக்கா, ஏன் ஏர்கோன் படிக்கணும்னு தோணுச்சு?"

"வீட்ல ஒரே சூடு மிஸ்."

பின்னால நின்ன அங்கிள் சட்டுனு, "நமக்கு ஏர்கோன்னா உயிரு மிஸ்"ன்னார். அவர் சட்டை வேர்வையில நனஞ்சிருந்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி எதையோ அடக்கிக்கிட்டு நின்னாங்க. கேலி பண்றாங்களா, கூச்சப்படறாங்களா, ஒண்ணும் பிடிபடல. சரி, ஆள் வந்தாச்சு, ஆராய்ச்சி எதுக்குன்னு நானும் கை தட்டற கூட்டத்துல சேர்ந்துட்டேன்.

வகுப்பு தொடங்கிச்சு. ஒரு ஈ காக்கா இல்ல! அஞ்சாறு இளசுங்க மட்டும் உட்கார்ந்திருக்காங்க. ஃபோன் போட்டா, "காய்ச்சல் மிஸ்", "ஷிப்ட் மாறிடுச்சு மிஸ்", "சொந்தக்காரங்க கல்யாணம் மிஸ்." ஒரே வாரத்துல அத்தனை பேருக்கும் காய்ச்சலா? பாடம் நடத்தறது ஃபைசால்னு ஒரு மலாய்ப் பையன், வேலைக்குப் புதுசு. என் அறைக்கு வந்து நாற்காலி நுனியில உட்கார்ந்தான், என்னை மேடம்ங்கற மாதிரி புவான்னுதான் கூப்பிடுவான். "புவான், நான் நடத்தறதுல ஏதாவது தப்பா? என்னைப் பிடிக்கலையா அவங்களுக்கு?" கண்ணு கலங்கியிருந்தது. வேற வேலை பார்த்துக்கவான்னும் கேட்டான்.  உன் மேல தப்பில்லப்பான்னு சொன்னேன். தப்பு யார் மேலன்னு எனக்குத் தெரியாது.

இதுக்கு நடுவுல மேலிடத்துலேர்ந்து ஆள் வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. இத்தனை பேர் சேர்ந்திருக்காங்களே, எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு பார்க்க வர்றாங்களாம். பாதி வகுப்பு காலின்னா வேற மாநிலத்துக்கு மாத்தற பேச்சே இல்ல, அடியோட மூடிடுவாங்க. இதக் கேட்டதும் டைரக்டர் வாயில ஒரு பல்லக்கூடக் காணோம்.

பதிவுத்தாள்ல பாதிக்கு மேல தர்ஷினியோட தாமான் முகவரிதான், அதனால நான் கிளம்பி அந்தத் தாமானுக்கே போனேன். அங்க யாரைக் கேட்டாலும், "மாணிக்கம் அண்ணனப் பாருங்க மிஸ்"ங்கிறாங்க. அவர் வீட்டு முன்னால காடி நிறுத்தற இடத்துல உட்கார்ந்து தன்னோட அறுந்த செருப்பத் தைச்சிக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவ்ளோ சந்தோஷம். "வாங்க மிஸ், வாங்க! தே ஓ குடிக்கிறீங்களா?"

"அண்ணே, ஆளுங்க எல்லாம் எங்க?"

"எந்த ஆளுங்க?"

"எங்க காலேஜ்ல பதிஞ்ச ஆளுங்க."

"அவங்க வேலைக்குப் போயிருப்பாங்க. ஏன் மிஸ், பேர் பத்தலையா? பின் சந்து லோரோங்ல இன்னும் ஆள் இருக்கு, சொல்லவா?"

எனக்கு அப்போதான் லேசா வெளிச்சம் வந்துச்சு. மனுஷன் பெருமையா விளக்கறார். கோயில் டூருக்கு பஸ் ஏற்பாடு பண்றது அவர்தானாம். ஆள் ரொம்பலன்னா பஸ்காரன் கேன்சல் பண்ணிடுவான். அதனால வீடு வீடாப் போய், வராதவங்க பேரையும் வாங்கிச் சேர்த்துடுவாராம். "பஸ் கிளம்பினப்புறம் யார் மிஸ் கேக்கப்போறா? வரணும்னு ஆசைப்பட்டவங்க போய்ச் சேர்ந்துடுவாங்கள்ல? அதே மாதிரிதான். நம்ம தர்ஷினி பாவம். வகுப்பு மூடிட்டா அந்தப் பொண்ணு எங்க போகும்? நீங்க ஆள் கேட்டீங்க, நாங்க குடுத்துட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. எத முதல்ல காட்டறதுன்னு தெரியல. "அண்ணே, எங்க பஸ் வேற மாதிரி. கிளம்பும்போது எண்ணுவாங்க, போய்ச் சேரும்போதும் எண்ணுவாங்க. நடுவுல இறங்கினவங்க அதிகம்னா அடுத்த தடவ பஸ்ஸே கிடையாது."

"அப்போ தர்ஷினி?"

"அவளுக்கும் கிடையாது."

கையில இருந்த செருப்பக் கீழ வச்சார். "நானே அவ தலையில மண்ணள்ளிப் போட்டுட்டேனா மிஸ்?"  அதுக்கு நான் வாயத் திறக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டு கேட் பக்கத்துலேர்ந்து ஒரு குரல். தர்ஷினி. அப்பாவக் காடியிலேர்ந்து இறக்கிக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டா.

"என்னைக் கேட்டீங்களா அங்கிள்? யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைக் கேட்டீங்களா?" அப்பாவ உள்ள கூட்டிக்கிட்டுப் போய் கிரில்லைப் படார்னு சாத்திட்டா. அதுக்கப்புறம் வகுப்புக்கு வரல. யாருக்காக அத்தனை கூத்தும் நடந்துச்சோ அவளே வரல!

டயாலிசிஸ் சென்டருக்குத் தேடிக்கிட்டுப் போனேன். வெளியில பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தா. பக்கத்துல உட்கார்ந்தேன். என் வேலையே பிள்ளைங்க விட்டுட்டுப் போகாமப் பார்த்துக்கறதுதான். அதுக்குன்னு ஒரு பேச்சு வச்சிருப்பேன், உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. உன்னால முடியும், இன்னும் கொஞ்ச நாள்தான், அப்படின்னு ஆரம்பிக்கிற பேச்சு. ஆரம்பிச்சேன்.

"மிஸ், நிறுத்துங்க"ன்னா. "நான் ஃபெயிலானா தாமானே ஃபெயிலான மாதிரி. இனிமே வீட்ட விட்டு வெளிய வந்தா ஆளாளுக்கு படிப்பு எப்படிப் போகுதுன்னு கேப்பாங்க. எனக்கு மூச்சு முட்டுது. அதோட, ஏர்கோன் எனக்குப் பிடிக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

நான் அவ பக்கம் திரும்பினேன்.

"வீட்டுக்குப் பக்கத்துல இருந்தது, சேர்ந்தேன். அவ்ளோதான். எனக்கு மரச்சாமான் செய்யற படிப்புதான் வேணும். ஜொகூர்ல இருக்கு. இடம்கூட குடுத்தாங்க. அப்பாவ யார் பார்ப்பான்னு வேணாம்னுட்டேன்."

எப்படி இருக்கு பாருங்க! ஒரு தாமானே சேர்ந்து காப்பாத்துது, ஒரு டைரக்டர் ராத்தூக்கம் இல்லாம கிடக்கிறார், ஃபைசால் வேலைய விடப் பார்க்கிறான், நான் ஊரெல்லாம் அலையறேன். எல்லாம் அந்தப் பொண்ணுக்குப் பிடிக்காத ஒரு வகுப்புக்காக. நல்லாப் படிக்கிறாளே, பிடிச்சுத்தான் படிக்கிறான்னு நாங்களா முடிவு கட்டிக்கிட்டோம்.

அப்பா உள்ள மெஷின்ல படுத்திருந்தார். சுங்கை பூலோவுல ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். போய் நின்னேன். அவரே பேச்ச எடுத்தார். "நான் போன்னுதான் சொன்னேன் மிஸ், கேக்க மாட்டேங்குறா. இங்க எனக்கு மெஷின் இருக்கு, நர்ஸுங்க இருக்காங்க. சமையலுக்கு அவ அம்மா இருக்கா. காடியும் வாசல்ல நிக்குது. அத ஓட்டத்தான் ஆள் இல்ல."

கேட்டீங்களா? ஓட்டத்தான் ஆள் இல்லையாம். அந்தத் தாமான்ல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு டிரைவர் மேலதான் விழும். லோரி, பஸ், ஸ்கூல் வேன், எல்லாம் ஓட்டறாங்க. காலேஜுக்குப் பேர் குடுக்க அத்தனை பேர் வந்தாங்களே, இவருக்கு என்ன வேணும்னு யாருக்கும் கேக்கத் தோணல. இவரும் வாய் விட்டுக் கேக்கற ஆள் இல்ல.

வெளிய வந்து காடியில உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணிட்டு அப்படியே இருந்தேன். இவள ஜொகூருக்கு அனுப்பினா எங்க வகுப்புல ஒரு ஆள் குறையும், அதுவும் இருக்கிறதுலயே நல்ல மாணவி. அனுப்பலன்னா இவ இங்கயே உட்கார்ந்து வெந்துக்கிட்டிருப்பா. பேரு குடுத்தவங்க எல்லாரையும் நீக்கினா வகுப்பு மூடிடும். நீக்கலன்னா வந்து பார்க்கறவங்ககிட்ட பொய் சொல்லணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்குது. பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சு, "ஆன்டி, எடுக்கறீங்களா இல்லையா?"ன்னு கத்தினான். எடுத்தேன்.

நேரா டைரக்டர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தலையில கை வச்சுக்கிட்டார். "புவான், இத என்கிட்ட ஏன் சொன்னீங்க? தெரியாம நிம்மதியா இருந்திருப்பேனே"ன்னார். வர்றவங்க கண்டுபிடிச்சு நம்மளக் கேக்கறதுக்கு முன்னால நாமே சொல்லிடலாம், உண்மையா படிக்கிறவங்க எத்தனை பேரோ அத்தனை பேரக் காட்டலாம், வேலைக்குப் போறவங்களுக்காக வகுப்ப சாயங்காலத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். முனகினார். ஆனா ஒத்துக்கிட்டார். நல்ல மனுஷன்தான்.

மறுபடி தாமானுக்குப் போனேன். கோயில் கொட்டகையில எல்லாரையும் கூப்பிட்டு, "தர்ஷினிக்காக ஒருத்தரும் வர வேணாம். விலகணும்னா இப்பவே விலகிடுங்க, கோபமில்ல. நெஜமாவே படிக்கணும்னு இருக்கறவங்க மட்டும் சாயங்காலம் வாங்க"ன்னேன். மாணிக்கத்தத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணே, ஆள் சேர்க்கறதுல உங்கள மிஞ்ச முடியாது. ஆனா ஆள் வேண்டியது எங்க காலேஜுக்கு இல்ல, பக்கத்து வீட்டுக் காடிக்கு"ன்னு சொன்னேன். மனுஷன் என்னையே பார்த்தார். "இத்தனை வருஷமா பக்கத்து வீடு மிஸ். அந்தப் பொண்ணு ஓட்டறதப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்"னு சொல்லிட்டு மூக்கத் துடைச்சார். மறுநாளே ஆள் வச்சிட்டார். இன்னிக்கு இவன், நாளைக்கு அவன்னு முறை போட்டு, யார் மறந்தாலும் ஃபோன்ல கிழிகிழின்னு கிழிச்சார்.

மேலிடத்துலேர்ந்து ஒரு அம்மா பார்க்க வந்தப்போ பட்டறையில பாதிக்கும் கீழதான் ஆள். பழைய மாணவங்களையும் புதியவங்களையும் ஒண்ணா உட்கார வச்சிருந்தோம். காடி ஓட்ட ஆள் வந்தப்புறம் தர்ஷினியும் திரும்ப வந்திருந்தா, ஓரமா உட்கார்ந்திருந்தா. டைரக்டர் நடந்தத ஒளிக்காமச் சொல்லிட்டார். அந்தம்மா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துட்டு, சரோஜா அக்காகிட்ட மலாய்ல கேட்டாங்க. "அப்போ நீங்களும் அந்தப் பொண்ணுக்காக வந்தவங்கதானா?"

எனக்கு ஒரே கவலை, இந்த அக்கா பாட்டுக்கு வீட்ல சூடுன்னு ஆரம்பிச்சா என்ன பண்றதுன்னு.

சரோஜா அக்கா ஸ்பேனரக் கீழ வச்சுட்டு எழுந்தாங்க. மலாயும் தமிழும் கலந்து, "ஆமா, இவளுக்காகத்தான் வந்தேன். சும்மா பேர் குடுத்தேன். மிஸ் வந்து அவ்ளோ பேசினாங்களேன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். இந்தத் தம்பி ஒரு மெஷினப் பிரிச்சுக் குடுத்து மாட்டுங்கன்னான். மாட்டினேன். ஓடுச்சு! என் வயசுக்கு நான் மாட்டி எதுவும் ஓடினதில்ல. இப்போ இவ வராட்டியும் நான் வருவேன்"னாங்க.

ஃபைசால் தலையக் குனிஞ்சுக்கிட்டான், சிரிக்கிறானா அழறானான்னு தெரியல. தர்ஷினி அழுதா, அது நல்லாத் தெரிஞ்சது. அந்தம்மா இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க.

எல்லாரும் போனப்புறம் தர்ஷினி என் பின்னாலயே வந்தா. "மிஸ், ஜொகூருக்குத் திரும்ப எழுதிக் கேக்கட்டுமா? தப்பா நெனப்பாங்களா?"

என் வேலை என்ன? போகாமப் பிடிச்சு வைக்கறது. அதுவும் அன்னிக்கு, ஒவ்வொரு தலையும் எண்ணிக்கையில நிக்கற நாள்ல. வாயில வந்தது, "போடா கண்ணு, போ. யார் என்ன நெனச்சா உனக்கென்ன."  டைரக்டர் கேட்டார், ஆள் பத்தலன்னு அழறோம், இருக்கிறவள நீங்களே அனுப்பறீங்களேன்னு. அவ படிக்கத்தானே போறான்னேன். "அது அந்தக் காலேஜ் கணக்கு. நம்ம கணக்குல அவ பாதியில விட்டுட்டுப் போனவ"ன்னார். அவர் சொன்னது சரிதான். அந்த வருஷம் எங்க கோட்டுல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதுல தர்ஷினி இருக்கா. அது தோல்வியா என்னன்னு நான் இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க, நெஜமாத்தான் கேக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்வேன். எண்ணிக்கை திடீர்னு ஏறினா போய் ஏன்னு கேளுங்க. நல்லாப் படிக்கிற பிள்ளைகிட்டயும் இது உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க. கேட்டா குழப்பம் கூடத்தான் செய்யும். பரவால்ல.

அவ கிளம்பின அன்னிக்கு மாணிக்கம் லீவு போட்டு பஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டாராம். தாமானே வாசல்ல நின்னுச்சாம். நான் போகல, போனா அழுதுடுவேன். சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ்ல வீட்டுக்குப் பூ வாங்கிக்கிட்டு நிக்கறேன், ஃபோன் அடிச்சுது. சரோஜா அக்கா.

"மிஸ், தர்ஷினி போயிட்டா."

"தெரியும்க்கா."

 அழறாங்களோ, இத்தனை பண்ணியும் போயிட்டாளேன்னு என்னைத்தான் திட்டப் போறாங்களோன்னு கடைக்காரர் நீட்டின பூவக் கையில வாங்காமக் காத்துக்கிட்டு நின்னேன்.

"அப்போ நாளைக்கு க்ளாஸ் இருக்குல்ல மிஸ்?"

"இருக்குக்கா"ன்னேன். "வாங்க."